பழுப்பு மணிகள்

எனக்கு எதிலும் அவசரம். கல்யாணமான வாரத்திலேயே உண்ணாமலை அதைக் கண்டுபிடித்துவிட்டாள். புதுச்சத்திரத்துக்கு மேற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. போன வருடம் மாவுப்பூச்சி விழுந்து அழிந்தது. இந்த வருடமும் போனால் இருவரும் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போக வேண்டியதுதான்.

மாசியில் வேளாண் அலுவலர் சௌமியா ஒரு டப்பாவில் குளவி கொண்டுவந்து எங்கள் குச்சிக்காட்டில் விட்டார். எள்ளில் பாதிகூட இல்லை. இதற்குப் பெயர் குளவியாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

"இது மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வெக்குமுங்க. குஞ்சு உள்ளயே தின்னு வளரும். நீங்க மருந்து மட்டும் அடிச்சுராதீங்க" என்றார்.

மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அதுவே பெரிய விரதம். பிறகு ஒரு காலையில் இலையைத் திருப்பினால், வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே பழுப்பாக, கம்பு மணி மாதிரி என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. செடிக்குச் செடி அதுதான்.

"புதுசா ஒரு பூச்சி உழுந்திருக்குது புள்ள."

"மேடத்துக்கு ஒரு போனப் போட்டுக் கேட்டுட்டு அடிக்கலாமுங்க" என்றாள் உண்ணாமலை.

"அவிங்க வாரதுக்குள்ள காடே போயிரும். தண்ணியக் கொண்டா."

கொண்டுவந்தாள். மத்தியானம் வரை ஒரு செடி விடாமல் மருந்தடித்தேன்.

நான்காம் நாள் சௌமியா வந்தார். மருந்து வாடைக்கே அவர் முகம் மாறிவிட்டது. ஒரு பழுப்பு மணியை நகத்தால் கீறி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உள்ளே ஒரு குளவி, இறக்கைகூட முளைத்து, செத்துக் கிடந்தது.

"இது செத்த மாவுப்பூச்சியோட தோலுங்க. இந்த வாரம் குளவி வெளிய வந்திருக்கும்."

மூவரும் ஒரு மணி நேரம் தேடினோம். உயிருள்ள குளவி ஒன்றுகூட இல்லை. மாவுப்பூச்சி மட்டும், மருந்து ஒட்டாத தன் வெள்ளை மெழுகுப் பூச்சுக்கு அடியில் சுகமாக இருந்தது.

"இன்னொரு டப்பா கிடைக்குமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் பை நிறையக் காலி டப்பாக்கள்.

"எங்ககிட்ட இருப்பு இல்லீங்க. உங்க காட்டுலதான் நல்லாப் பெருகியிருக்கும்னு, மத்தவிங்களுக்குக் குடுக்க இங்கிருந்து எடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க."

பங்குனி முடிவதற்குள் குருத்தெல்லாம் மறுபடி வெளுத்தது.

இப்போது நாங்கள் முட்டை பொறுக்கக் கோழிப்பண்ணைக்குப் போகும் வழியில்தான், எங்கள் காட்டுக் குளவிக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவரான கந்தவேலின் குச்சிக்காடு. அதுவும் வெளுத்துவிட்டது. தன் காட்டுக்கு எப்போது குளவி வரும் என்று தினமும் என்னிடம்தான் கேட்கிறார்.