அரக்கு நூலும் நீல விளக்கும்

ஐஸ்பெட்டி கொண்டுவந்தவன் கூடத்திலிருந்த ஒரே பிளக் பாயிண்டிலிருந்து மீன் தொட்டியின் ஒயரைப் பிடுங்கினான். தொட்டி விளக்கு அணைந்தது. குமிழ்கள் நின்றுபோயின.

“அதுல மீனு கீதுப்பா” என்றார் லோகநாதன்.

“வேற பாயிண்ட் கீதாங்க பெரியவரே?”

இல்லை. ஐஸ்பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. உள்ளே அவர் மகன் தமிழ்வாணன் கிடந்தான். சிறுநீரகம் கெட்டு வேலூருக்கும் ஆரணிக்குமாக அலைந்த உடம்பு. படுத்தபடியே பார்ப்பதற்கென்று அவன் வைத்துக்கொண்டதுதான் அந்தக் கடல்நீர்த் தொட்டி. ஒரு பாறை, அதில் ஒட்டிப் பூப்போல விரியும் கடல் சாமந்தி என்ற உயிர், அதன் விரல்களுக்குள் ஒளிந்து வாழும் இரண்டு ஆரஞ்சு மீன்கள்.

சாமந்திக்கு வெளிச்சம்தான் சோறு. டியூப்லைட் போதவில்லை என்று அவனுடைய சிநேகிதன் அன்பரசு கொளத்தூர் வண்ணமீன் கடைகளிலிருந்து எல்.இ.டி. விளக்குகள் வாங்கி வந்தான், வெள்ளையில் ஒன்று, நீலத்தில் ஒன்று. எதை வைத்துக்கொள்ளலாம் என்று மகன் கேட்டபோது, ஆயுசு முழுக்கப் பட்டுநூலுக்குச் சாயம் போட்ட லோகநாதன், அரக்கு நூல் கட்டு ஒன்றை எடுத்துவந்து நீலத்துக்குக் கீழே பிடித்தார். நூல் கறுத்துத் தெரிந்தது.

“ஏமாத்துற வெளிச்சம்டா இது. உள்ளத உள்ளபடி காட்டணும். வெள்ளையே வை.”

“மீனு என்னா சேலையா எடுக்கப்போவுது?” என்று மகன் சிரித்தான். ஆனாலும் வெள்ளையைத்தான் மாட்டச் சொன்னான்.

சாமந்தி கொஞ்சங்கொஞ்சமாக வெளுத்துச் சுருங்கியது. அதற்கு நீலம்தான் வேண்டியிருந்தது என்று அன்பரசு சொல்லித்தான் அவருக்குத் தெரியும். மகன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று லோகநாதன் ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றினார். மறுபடி மொண்டார். சேவூரிலிருந்து வந்திருந்த தங்கை தேவகி, சாவு வீட்டில் தண்ணீர் வைத்திருக்கக் கூடாது, குடத்தோடு இதையும் கொட்டிவிடலாம் என்றாள். அவர் திரும்பவில்லை. மூலையில் கிடந்த மனைவி தெய்வநாயகிதான் தலை நிமிர்ந்தாள்.

“அவன் கைப்பட ஊத்துன தண்ணி அது. இருக்கட்டும்.”

ஐஸ்பெட்டிக்குள் ஒரு வெள்ளை டியூப்லைட் எரிந்தது. மஞ்சள் பாய்ந்த கன்னமும் கறுத்த உதடும் கண்ணாடி வழியே துல்லியமாகத் தெரிந்தன. லோகநாதன் ஒருமுறை பார்த்தார்.

“அந்த லைட்ட மட்டும் அணைச்சுடுப்பா.”

“பெட்டியோட சேர்ந்ததுங்க அது. தனியா அணைக்க முடியாது.”

அவர் டம்ளரை மொண்டார். பாடை தயாராகி, ஆட்கள் வந்து தோளைத் தொடும்வரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது பெட்டி போயிருந்தது. பிளக் பாயிண்ட் காலியாக இருந்தது. ஈர வேட்டியோடு அலமாரியைத் திறந்து, மகன் திருப்பிக் கொடுக்காமலே வைத்திருந்த நீல விளக்கை எடுத்து மாட்டினார். குமிழ் விடும் மோட்டாரையும் போட்டார்.

ஒரு மீன் அடியில் சாய்ந்து கிடந்தது. இன்னொன்று மெல்ல வந்து சாமந்திக்குள் நுழையப் பார்த்தது. பாதி உடம்புதான் மறைந்தது.