காரியதரிசி வீட்டுச் சாவு

"இதனால் ஸ்ரீரங்கவாசிகளுக்கும், பதினெட்டாம் பெருக்குக்கு வந்திருக்கிற யாத்ரீகர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், காவேரி சுகாதாரப் பிரசார சபையார், மகாஜனங்களின் க்ஷேமத்தை முன்னிட்டு, நாளைச் சாயங்காலம் அம்மா மண்டபத்தில், வாந்திபேதி என்னும் கொடிய வியாதியைப் பற்றி, மாஜிக் லாந்தர் படங்களுடன் அரிய பெரிய உபந்நியாசம் நடத்துவார்கள்! கலெக்டர் துரையவர்கள் அக்கிராசனம் வகிப்பார்கள்! ஆற்று ஜலத்தைக் கொதிக்க வைத்தே குடிக்கவும்! வியாதிக்காரர் துணியை ஆற்றில் அலசாதிருக்கவும்!"

சித்திரை வீதி முனையில் தண்டோராக்காரன் டம் டம் என்று அடித்து ஓய்ந்தபோது, மேற்படி சபையின் காரியதரிசி சாரங்கபாணி, தன் மனைவி குமுதவல்லியின் தலையை மடியில் ஏந்திக்கொண்டு, அவள் வாயில் உப்புப் போட்ட கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தார். கஞ்சி கடைவாய் வழியே அவர் வேஷ்டிக்கே திரும்பி வந்தது.

அந்த அறிவிப்பு அவர் எழுதியதுதான். 'அரிய பெரிய' என்பது மட்டும் சபைத் தலைவரின் கைங்கரியம்.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவர் சாரங்கபாணி. ஆடியில் ஆறு வந்தால் சபைக்கு உயிர் வரும்; அவருக்கும் வரும். லாந்தரைத் தூக்கிக்கொண்டு படித்துறை படித்துறையாகப் போவார். வாந்திபேதிக்காரனுக்கு அரிசி களைந்த தண்ணீர் மாதிரி போகும் என்று அவர் சொல்லுகிற அழகில், கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கே வயிற்றைக் கலக்கும். அந்த அரிசி களைந்த தண்ணீரை அன்று விடியற்காலையில் தன் வீட்டு ஜமுக்காளத்தில் பார்த்தார். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஜன்மத்தில் ஒரு தடவையாவது தன் பாடம் தனக்கே மறந்துபோகக் கூடாதா என்றிருந்தது.

காரியதரிசி வீட்டில் தண்ணீர் கொதிக்காமல் இல்லை. வருஷம் முந்நூற்றுச் சொச்சம் நாளும் கொதித்தது. ஏகாதசிக்கு மட்டும் விடுமுறை. அடுப்பேறின தண்ணீர் சோற்றுக்குச் சமானம், உபவாசத்துக்கு ஆகாது என்பது அவருடைய தமக்கை வைதேஹியின் தீர்ப்பு. அந்தக் கோர்ட்டுக்கு மேலே அப்பீல் கிடையாது.

"அன்னிக்கு மட்டும் பூச்சி கடிக்காதாமா?" என்று அவர் ஒரு தடவை முணுமுணுத்தார்.

"அதுக்கும் ஏகாதசிதானேன்னா. பட்டினி கெடக்கும்" என்றாள் குமுதவல்லி.

அவர் சிரித்துவிட்டார். முந்தாநாளும் ஏகாதசிதான்; அன்றும் அடுப்பில் தண்ணீர் ஏறவில்லை.

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். குமுதவல்லியின் கண்கள் உள்ளே போயிருந்தன. விரல் நுனியெல்லாம் ஊறின துணி மாதிரி சுருங்கியிருந்தது.

"ஏன்னா."

"பேசாதே. டாக்டரைக் கூட்டிண்டு வரச் சொல்றேன்."

"வேண்டாம். அவர் வந்தா சுகாதார இலாகாவுக்கு எழுதிடுவார். என்னை அந்த வண்டியில ஏத்திடாதேங்கோ."

எந்த வண்டி என்று அவர் கேட்கவில்லை. போன வருஷம் அடுத்த தெருவில் வாந்திபேதியில் ஒரு பெண் போனபோது சுகாதார இலாகாவுக்கு ஆள் அனுப்பியவர் அவர்தான். வண்டி வந்தது. பிணத்தின் மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிப் பாயோடு சுருட்டி ஏற்றினார்கள். தோள் கொடுக்க ஒருவர் வரவில்லை. புருஷன் மட்டும் வண்டிக்குப் பின்னால் ஓடினான். 'சபையின் விழிப்பால் வியாதி பரவாமல் தடுக்கப்பட்டது' என்று வருஷாந்தர அறிக்கையில் சாரங்கபாணி எழுதினார். குமுதவல்லி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு அந்த வண்டியைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"நாலு பேர் தூக்கிண்டு போகட்டும்" என்றாள். "என்ன, சரியா?"

தலையை ஆட்டினார். டாக்டருக்கு ஆள் போகவில்லை. உச்சிவேளைக்கு முன்னால் வைதேஹி வந்து வாயில் துளசி தீர்த்தம் விட்டாள். அது மட்டும் வழியாமல் உள்ளே போயிற்று. அதோடு மூச்சு அடங்கியது.

சபைத் தலைவர் ராவ் பகதூர் ஸ்ரீனிவாசராகவன் குடையோடு வந்து சேர்ந்தார். ரிடையரான சப் ஜட்ஜ். துக்கம் கேட்க வந்தாலும் வாதி பிரதிவாதிகளைத் தேடுகிற பார்வை.

"என்ன ஓய் இது! நேத்திக்குக் கோவில்ல பார்த்தேனே. என்ன உடம்புக்கு?"

"வாந்தி..."

"மாரடைப்பு" என்றார் தலைவர்.

சாரங்கபாணி நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்குக் கலெக்டர் வரார். காரியதரிசி அகத்துலயே காலரான்னா ஊரான் நம்மளைப் பார்த்து எதால சிரிப்பான்? நன்னா யோசியும்."

"எல்லாரையும் வியாதியை மறைக்காமச் சொல்லுங்கோன்னு சொல்றோமே நாம."

"எல்லாரையும்தானே சொல்றோம்?" என்றார் தலைவர். கேஸ் முடிந்தது. குடையை விரித்துக்கொண்டார்.

தலைவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டோம் என்று நினைத்துக்கொள்ள முடிந்தால் சாரங்கபாணிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் நாலு பேர் வேண்டும். வாந்திபேதி என்கிற அந்த வார்த்தையைச் சொன்னால் நாலு பேர் இல்லை.

பெருக்குக்கு முதல்நாள் சுமங்கலி போய்விட்டாள் என்றால் சும்மாவா? தெருவே திரண்டது. குமுதவல்லிக்குக் கூறைப்புடவை சுற்றி, முகத்தில் மஞ்சள் அப்பி, ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் இட்டிருந்தார்கள். "கொடுத்து வெச்சவடீ, மாரடைச்சுச் சட்டுனு போயிட்டா" என்று பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குனிந்து, அவள் காலைத் தொட்டு, அந்தக் கையாலேயே மஞ்சளை எடுத்துத் தாலியில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி இடுப்புக் குழந்தையின் நெற்றியைக் கொண்டுபோய்ப் பாதத்தில் வைத்து எடுத்தாள். குழந்தை விரலைச் சூப்பிக்கொண்டிருந்தது. சாரங்கபாணி தூணோடு தூணாக நின்று அந்த விரலைப் பார்த்தார்.

புறப்படுகிற சமயம் குமுதவல்லியின் தம்பி கோபுவிடம் வைதேஹி ஒரு துணிமூட்டையை நீட்டினாள். "கோபு, இந்த ஜமுக்காளத்தையும் துணிகளையும் எடுத்துண்டு போ. அங்கேயே அலசிண்டு வந்துடு."

"அக்கா, அதை எரிச்சுடலாம்" என்றார் சாரங்கபாணி.

"பவானி ஜமுக்காளம்டா."

"இருக்கட்டும்."

"எரிச்சா, ஏன் எரிச்சான்னு தெரு கேக்காதா?" என்றாள், அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி. அவளுக்கும் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "நாலு பேர் வெளில நிக்கறா. போ."

நாலு பேர் என்ன, பதினாலு பேர் வந்தார்கள். தோள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். சபையின் கூட்டத்துக்கு ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் கொள்ளிடக்கரை வரை வந்தார்கள். பிள்ளை இல்லாததால் அவரே கொள்ளி வைத்தார். ஈர விறகு, புகைந்து புகைந்துதான் பிடித்தது.

எல்லோரும் ஆற்றில் இறங்கினார்கள். மேட்டூர்த் தண்ணீர் கொள்ளிடத்திலும் வந்து, செக்கச்செவேலென்று கரையைத் தொட்டு ஓடியது. இடுப்பளவு ஜலத்தில் நின்று கோபு ஜமுக்காளத்தை உதறி விரித்தான். தேய்த்தான், முறுக்கினான், மறுபடியும் விரித்தான். அக்காவுக்குச் செய்கிற கடைசி வேலை என்று அழுதுகொண்டே, ஒரு மூலை விடாமல் அலசினான். இத்தனை சுத்தமாக அவன் எதையும் அலசிச் சாரங்கபாணி பார்த்ததில்லை.

ஆற்றோட்டத்தில் கொஞ்சம் கீழே, பெருக்குக்கு வந்த வண்டிகள் அவிழ்த்துக் கிடந்தன. அங்கிருந்து குடத்தோடு வந்த ஒரு பெண்பிள்ளை அவரைக் கண்டதும் நின்றாள்.

"சாமி, நீங்கதானே போன வருசம் படம் காட்டினது? நான் வேலம்மாங்க, உப்பிலியபுரம். அந்தப் பூச்சிப் படத்தைப் பாத்துப்புட்டு எம்மவன் ரெண்டு நாளு தண்ணியே குடிக்கலைங்க!"

சொல்லிச் சிரித்தவள், அவருடைய ஈரத் துணியையும் கரையில் புகைகிறதையும் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"யாருங்க சாமி?"

"சம்சாரம்."

"ஐயோ, தாயே." குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்; போகவில்லை. "இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். வர்ற வழியில மழைங்க, வெறகெல்லாம் நனைஞ்சு போச்சு. புள்ளைங்க தாகத்துல கத்துதுங்க. நீங்க வேண்டாம்னா எப்பாடுபட்டாச்சும் காச்சிக்கிறோம். இந்தத் தண்ணியக் குடிக்கலாங்களா?"

சாரங்கபாணி வாயைத் திறந்தார். கோபு பிழிவதை நிறுத்திவிட்டுத் திரும்பினான். கரைமேல் குடைக்கடியில் தலைவர் நின்றிருந்தார். தோள் கொடுத்தவர்கள் சுற்றிலும் முழுக்குப் போட்டு, வேஷ்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். குமுதவல்லி இன்னும் எரிந்து முடியவில்லை.

அம்மா மண்டபத்தின் கடைசிப் படி வரைக்கும் எட்டுகிற குரல் அவருடையது. அது வரவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத தொண்டை ஒட்டிக்கொண்டு கிடந்தது. குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார்.

வேலம்மாள் குடத்தை முக்கினாள்.