மாவுக்கு ஊற்றிய கள்

“கள்ளு ஊத்தலைன்னு சொல்லு பாப்போம்.”

“தினமுந்தான் ஊத்துறோம். இல்லாட்டி மாவு எப்படிங்க பொங்கும்?” என்றாள் வேலாயி.

அங்கமுத்து மாவுப் பானையையே பார்த்துக்கொண்டு நின்றான். வேலை முடிந்து மனைவி வேலாயியைக் கூட்டிப்போக வந்தவன், அன்னபாக்கியம் அதில் கள்ளைச் சாய்ப்பதைப் பார்த்துவிட்டான்.

பிழைக்க வந்த ஊரான அலோர் காஜாவில், கடைத்தெருவின் பின்சந்தில் இரண்டு பெண்களும் சேர்ந்து ரொட்டி சுட்டு விற்றார்கள். அன்னபாக்கியம் யாழ்ப்பாணத்துக்காரி, கள் ஊற்றிப் பாண் என்னும் ரொட்டி சுடுவது அவள் ஊர் வழக்கம். அதில் புளித்த தோசைமாவைக் கலந்தது வேலாயியின் யோசனை. மேலோடு மொறுமொறுவென்றும் உள்ளே லேசான புளிப்போடும் வந்த ரொட்டியை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகளும் தோட்டத்து ஆட்களும் ஒரே கூடையிலிருந்து வாங்கிப் போனார்கள்.

மாசியில் அங்கமுத்து மாரியம்மன் முன்னால் காப்புக் கட்டி, இனிக் கள்ளைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தான். கள்ளுக்கடைப் பக்கமே போகவில்லை. காலையில் வேலாயியின் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுவிட்டு வேலைக்குப் போனான். அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குடிக்கிற கள் வேறு, மாவுக்கு ஊற்றுகிற கள் வேறு என்றே அவள் நினைத்திருந்தாள்.

“தம்பி, போறணை அடுப்புக்குள்ள வெந்தாப் பிறகு கள்ளு வெறி எங்க நிக்கும்?” என்றாள் அன்னபாக்கியம்.

“அத அம்மன்கிட்ட போயி சொல்லுங்கக்கா.” மணிக்கட்டிலிருந்த மஞ்சள் கயிற்றை அறுத்தெறிந்தான். “சத்தியந்தான் போச்சே. இனி எதுக்குலா வாயக் கட்டணும்?”

கோபத்தினூடே அவன் குரலில் ஒரு நிம்மதியும் கேட்டது. வேலாயியைப் பயமுறுத்தியது அதுதான்.

“காலைல வரைக்கும் பொறுங்க. கள்ளு இல்லாம சுட்டுத் தர்றேன்.”

“செங்கட்டி மாதிரி வரும், பிள்ளை,” என்ற அன்னபாக்கியமே வேறொரு பானையைக் கழுவிக் கொடுத்தாள்.

அங்கமுத்து வாசல்வரை போனான். பிறகு திரும்பி வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்தான்.

விடிந்ததும் வேலாயி ரொட்டியை வெளியே எடுத்தாள். அது பொங்கவே இல்லை.

“வண்டிச் சக்கரம் ஏறுன தொப்பி மாதிரி இருக்கு,” என்றான் அங்கமுத்து. பிய்த்து வெகுநேரம் மென்றான். “ஒரே புளிப்பு.” ஆனாலும் இன்னொரு துண்டு பிய்த்தான்.

வேலாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரவு தரையிலிருந்து பொறுக்கி வைத்திருந்த மஞ்சள் கயிற்றை எடுத்தாள்.

“ஏங்க, பூசாரி இப்ப கோயில்லதான் இருப்பாரு. எங்கூட வந்து மறுபடியும் கட்டிக்கிறீங்களா?”