கங்காருப் புல்லுக்குள் ஒரு வடைப் பெட்டி

கிருபானந்தனுக்கு ஒருநாளாவது முதலாவதாக வரவேண்டும் என்று ஆசை. எதில் என்று கேட்டால் சிரிப்பீர்கள். யாரோ ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்து வைத்து, இடத்தை இணையத்தில் போடுவார். போனைப் பார்த்துப் பார்த்துத் தேடிப் பிடித்து, பெட்டிக்குள் இருக்கும் குட்டிக் கொப்பியில் பெயர் எழுத வேண்டும். ஜியோகாஷிங்காம். இரண்டு வருடத்தில் அறுபத்தேழு பெட்டி கண்டுபிடித்தார் மனிசன். அறுபத்தேழிலும் அவருக்கு முன்னால் நீல் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் எழுதிவிட்டிருந்தார்.

இந்தக் கங்காரு நாட்டில், கிளென் வேவர்லியில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அதில் ஒரு பலகை கழன்றிருப்பது என் குற்றமல்ல. 2011 நவம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம், அவர் குசினியைப் பார்த்துச் சொன்னது எனக்கும் கேட்டது.

"புதுப் பெட்டி போட்டிருக்கினம். நீல் மீன் பிடிக்கப் போயிட்டான். கெதியா வெளிக்கிடும்."

அவர் மனைவி வசந்தினி, தட்டையாய் மொறுமொறுவென்று வரும் பருத்தித்துறை வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பை நிப்பாட்டி, சுட்டதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். காரின் பின் சீற்றில் நானும் ஏறினேன். கூப்பிடவில்லைதான். வேண்டாம் என்றும் சொல்லவில்லையே.

ஒரு மணித்தியாலம் மேற்கே ஓடினால், கம்பி வேலி, உள்ளே இடுப்பளவு புல்.

"இதைப் பாக்கவோ வந்தனாங்கள்?" என்றாள் வசந்தினி. "எங்கட முன்வளவில இப்பிடி விட்டா கவுன்சில் கடிதம் போடும்."

"வெள்ளைக்காரர் வர முதலே இருந்த புல்லப்பா. ஒருகாலம் இந்தப் பக்கம் முழுக்க இதுதானாம். இப்ப வேலி போட்டுக் காக்கினம்."

சனிக்கிழமை தவறாமல் தன் வீட்டுப் புல்லை மொட்டையடிக்கிற மனிசன், கங்காருப் புல்லின் செம்பழுப்புக் கதிரைத் தடவிக் கொடுத்தார். அறிவிப்புப் பலகையில் பாம்பு கவனம் என்று போட்டிருந்தது.

"நீங்கள் முன்னால போங்கோ," என்றாள் வசந்தினி. "முதலாவதா வர ஆசைப்பட்டது நீங்கள்தானே."

கல்லுக் குவியலுக்குப் பின்னால் இருந்தது, பச்சை மூடி போட்ட சாப்பாட்டுப் பெட்டி. கொப்பியில் ஒரு பெயரும் இல்லை. முழுப்பெயரையும் எழுதினார். படம் எடுக்கப் பார்த்தால் போனில் சார்ஜ் இல்லை. பரவாயில்லை என்று, காணி வாங்கியவர் மாதிரி இடுப்பில் கைவைத்து வெளியைப் பார்த்தபடி நின்றார். பெட்டி எங்கள் கையில்.

உள்ளே கிடந்த, கோலாக் கரடி தொங்கும் சாவி வளையம் வசந்தினிக்குப் பிடித்துவிட்டது. "எடுத்தா ஏதாவது வைக்க வேணுமாம், விஜயாக்கா. ஆரோ ஒராளின்ர சாப்பாட்டுப் பெட்டி வேற. வெறுமையா விடலாமே?"

நம் ஆட்களில் யார் பெட்டியை வெறுமையாகத் திருப்பியிருக்கிறார்கள்? பன்னிரண்டு வடை வைத்தாள். மூடி மூடவில்லை. அமத்தி மூடியது நான்.

உணவு வைக்கக்கூடாது என்பது முதல் விதி. அவருக்கு எல்லா விதியும் மனப்பாடம். மனிசிக்குத்தான் சொல்லவில்லை.

திங்கள் பின்னேரம், பெட்டி வைத்த ஜூடித் என்ற பெண் இணையத்தில் எழுதினார்: யாரோ உணவு வைத்ததால் நரி பெட்டியை உடைத்துவிட்டது. கொப்பியும் சுக்குநூறு. முதலில் வந்தது யாரென்று இனித் தெரியாது.

"நரிக்குக் குடுத்திட்டீரே என்ர பேரை," என்றார் கிருபானந்தன்.

"வைக்கக்கூடாதெண்டு எனக்குச் சொன்னனீங்களே?"

வேலிக்கு இந்தப் பக்கம் நான் மூடியைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் மட்டும் உட்கார்ந்து, முதலில் வந்தது நான்தான், வடை வைத்தது என் மனைவி, எனக்குத் தெரியாது என்று ஜூடித்துக்குப் பந்தி பந்தியாக எழுதினார்.

செவ்வாய் காலை நீல் எழுதினார்: "ஞாயிறு பின்னேரம் ஆறரைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு நீளமான பெயர், வாய்க்குள் நுழையவில்லை. பெட்டிக்குள் காரமான, மொறுமொறுப்பான வட்டங்கள். நாலு தின்றேன். நான் இரண்டாவது."

ஜூடித் உடனே பக்கத்தைத் திருத்தினார். முதலாவது: வடை சுட்ட பெண்ணும் அவருடைய கணவரும்.

கிருபானந்தன் அதை மூன்று தரம் வாசித்தார். "என்ர பேர் இல்லையே."

"வடை சுட்டது நானெண்டு ஆர் சொன்னது?" என்றாள் வசந்தினி.

அவர் கீபோர்ட்டை இழுத்தார். "பேரைப் போடச் சொல்லிக் கேக்கப் போறன்."

"கேளுங்கோ. அப்பிடியே அந்த நீலுக்கு, இன்னும் ஒரு டின் வடை வீட்டில கிடக்கெண்டும் எழுதிவிடுங்கோ."

எழுதினார். எதை முதலில் எழுதினார் என்று மட்டும் பலகை இடுக்கால் தெரியவில்லை.