மூன்று பேர் இறங்கினால்

அச்சகத்தில் பிழை திருத்துவதுதான் அவள் வேலை. எந்தப் பக்கத்தையும் மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். இந்தப் பயணத்தையும் அப்படித்தான் திட்டமிட்டாள். எட்டரைக்கு ரயில், பதினொன்றே காலுக்கு ஒரு பேருந்து, ஒன்றே முக்காலுக்கு ஒரு சின்னப் பேருந்து. கடைசி வண்டி வயல்களுக்கு நடுவே இருக்கும் பண்ணை வீட்டு வாசலிலேயே இறக்கிவிடும். அங்கே ஓர் அறை, இரண்டு இரவு.

மாமியாருக்கு முழங்காலில் ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியைத் தவிர வேறு வாசல்படி மிதிக்கவில்லை. கணவனுக்கு லீவு இல்லை. கார் வைத்தால் அறை வாடகையைவிட அதற்கே அதிகம் ஆகும்.

நாத்தனார் போனில் சிரித்தாள். "அம்மாவ பஸ்லயா இழுத்துட்டுப் போறீங்க, அண்ணி? நடுரோட்டுல நின்னா எனக்குப் போன் பண்ணாதீங்க."

மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நூறு அடிக்கு மேல நடக்கச் சொன்னா அங்கயே உட்கார்ந்துடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் என்னை எங்கயும் கூப்பிடாத."

வழி சரிதானா என்று பண்ணை வீட்டுக்காரம்மாவிடம் கேட்க இரண்டு முறை அவள் கை போனுக்குப் போனது. பஸ்ஸில் வருகிறோம் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

ரயில் நேரத்துக்கு வந்தது. பேருந்தும் வந்தது. சின்னப் பேருந்தில் ஜன்னலோரமே கிடைத்தது. முன் இருக்கையில் ஒரு பெண் இரண்டு புதுத் தலையணைகளைக் கட்டிக்கொண்டு வாய் பிளந்து தூங்கினாள்.

"கையோட தலகாணி கொண்டு வந்துட்டா பாரு. கொடுத்து வச்சவ," என்றார் மாமியார்.

நடத்துநர் வந்தார். "எங்கம்மா?"

"பண்ணை வீட்டு வாசல், ரெண்டு."

"இன்னிக்கு வண்டி உள்ள போகாதே. மெயின் ரோட்டுல இறங்கிக்குங்க."

அவள் போனில் இருந்த அட்டவணைப் படத்தை நீட்டினாள். அவர் நேரத்தின் மேல் விரலை வைத்தார். பக்கத்தில் பொடியாக ஒரு நட்சத்திரம்.

"இதுக்கு விவரம் கீழ இருக்குமே. பள்ளிக்கூடம் இருக்கிற நாள்ல மட்டும்னு போட்டிருக்கும். இன்னிக்கு சனிக்கிழமை."

அவள் எடுத்த படம் சரியாக அந்த வரிக்கு மேலேயே முடிந்திருந்தது. வேறு யாருடைய பக்கத்திலாவது இப்படி அநாதையாக ஒரு நட்சத்திரம் நின்றிருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பாள்.

"அங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"மூணு கிலோமீட்டர். ஆட்டோ கீட்டோ எதுவும் நிக்காது." அவருக்கே பாவமாகப் போயிற்று. "மூணு பேர் இறங்கினா டிரைவர் அண்ணன் லீவு நாள்லயும் உள்ள விடுவாரு. நீங்க ரெண்டு பேராச்சே." பிறகு வண்டி முழுவதற்கும் குரல் கொடுத்தார். "உள்ள இறங்குற ஆளு வேற யாராவது உண்டா?"

இரண்டு மூன்று தலைகள் இல்லையென்று ஆடின.

"மூணு கிலோமீட்டர்ல எத்தனை நூறு அடி இருக்கும்?" என்று மாமியார் கேட்டார்.

"அத்தை..."

"சும்மா கேட்டேன்."

கூச்சம் பார்க்க இனி நேரமில்லை. வீட்டுக்காரம்மாவின் எண்ணை அழுத்தினாள். முன் இருக்கைத் தலையணைகளுக்கு நடுவே ஒரு போன் அலறியது. அந்தப் பெண் திடுக்கிட்டு எழுந்து, கண்ணைத் திறக்காமலே அதைக் காதில் வைத்தாள்.

"ஹலோ, யாரு?"

"இன்னிக்கு உங்க வீட்டுல தங்க வர்றவங்க பேசறோம். பஸ்ல வந்துட்டிருக்கோம்..."

"பஸ்லயா? நம்ம வீட்டுக்கு எல்லாரும் கார்லதானே வருவாங்க! எந்த பஸ்ல?"

மாமியார் எட்டி, முன்னால் இருந்த தோளைத் தட்டினார். "இதே பஸ்லதான். போனை வச்சிட்டுத் திரும்பிப் பாரும்மா."

அந்தம்மா திரும்பினாள். வாய் மறுபடி பிளந்தது. "ஐயையோ! இந்தத் தலகாணியே உங்களுக்குத்தான் வாங்கிட்டு வர்றேன்!"

சனிக்கிழமை வண்டி உள்ளே போகாது என்று தெரிந்து, அந்தம்மா மெயின் ரோடு வரைக்கும்தான் டிக்கெட் எடுத்திருந்தாள். அங்கே அவள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரோடு காத்திருப்பாராம்.

"அப்ப மூணு ஆச்சு!" நடத்துநர் விசில் ஊதினார். "அண்ணே, உள்ள விடுங்க!"

"இதைத் தூங்குறதுக்கு முன்னாடி சொன்னா என்னவாம்?" என்று முனகியபடி ஓட்டுநர் வண்டியை ஒடித்தார். இருபுறமும் பயிர் உரசும் குறுகிய பாதையில் பேருந்து ஆடி ஆடிப் போனது. பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டே துரத்தி வந்தது.

இறங்கியதும் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு எண்ணியபடியே நடந்தார். இருபத்தாறாவது அடியில் நாற்காலி வந்துவிட்டது.

போன் அடித்தது. நாத்தனார். மாமியாரே வாங்கிப் பேசினார்.

"எங்கம்மா நிக்கிறீங்க?"

"யாருடி நிக்கிறா? கால நீட்டி உட்கார்ந்திருக்கேன். வாசல்லயே கொண்டாந்து விட்டாங்க."

போனை வைத்துவிட்டு மருமகளைப் பார்த்தார்.

"திரும்பறது திங்கக்கிழமைதானே?"

"ஆமா அத்தை. அன்னிக்குப் பள்ளிக்கூடம் உண்டு."

"எதுக்கும் அந்தத் தலகாணி அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு," என்றார் மாமியார். "அடுத்த தடவை வர்றதுக்கும் சேர்த்துக் கேளு."