வா என்று ஒரு வார்த்தை

குருவம்மாளுக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே எரிச்சல். தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனியில் அரைநாள் லீவு கேட்டால் யாருக்குத்தான் முகம் மலரும்? போர்மேன் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டுத்தான் விட்டார். சிவகாசியில் பஸ் ஏறினால் கால் வைக்க இடமில்லை. ஒரே ஒரு சீட்டு மட்டும் காலியாகக் கிடந்தது, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் பக்கத்தில். அவள் காலடியில் வைத்திருந்த மூட்டைக்குப் பயந்து யாரும் அங்கே உட்காரவில்லை. வீட்டையே காலி பண்ணிக்கொண்டு வந்தவள் மாதிரி அப்படி ஒரு மூட்டை!

"ஏ தாயி, கால் நசுங்குது!" என்றாள் குருவம்மாள். அந்தப் பெண் சிரித்தாள். எதைச் சொன்னாலும் சிரிக்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

பெயர் ஹெல்காவாம். கண்டக்டர் காசிராஜன்தான் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டுச் சொன்னார். வடக்கே எங்கேயோ இருந்து பஸ் மாறி மாறியே வந்தவள், விருதுநகரில் இறங்கி அடுத்து இராமேஸ்வரம் போகிறாளாம். துணைக்கு ஒருத்தருமில்லை.

"எல்லக்காவா? வயசுல எம்புட்டோ சின்னவ, ஒன்னைய எதுக்கு நான் அக்காங்கணும்?" என்று குருவம்மாள் கேட்க, சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஹெல்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு, தன்னிடம் இருந்த தமிழையெல்லாம் எடுத்துவிட்டாள். "வா. வாங்க. தண்ணி. போதும்." அவ்வளவுதான் சரக்கு.

குருவம்மாளின் சிரிப்பு அதோடு நின்றுபோயிற்று. அந்த 'வா'தான் காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது. மூன்று வருசத்துக்கு முன்னால், ஆத்தாவின் காதுத் தண்டட்டி யாருக்கு என்று கருமாதியன்றே அண்ணன் கருப்பணனோடு மூண்ட சண்டையில், "இனிமே ஒன் வாயால வான்னு கூப்பிடாம இந்த வாசப்படிய மிதிச்சா நான் எங்க ஆத்தாவுக்குப் பொறந்தவ இல்ல!" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். அண்ணன் கூப்பிடவில்லை. இவளும் போகவில்லை.

இப்போது மகள் ஓவியாவுக்கு வெள்ளிக்கிழமை நிச்சயம். தாய்மாமன் முன்னால் நிற்காமல் தாம்பூலம் மாற்ற மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வாசலில் நின்று சொன்னால் அது அழைப்பாகுமா? உள்ளே போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க வேண்டும். உள்ளே போக வேண்டுமானால் அண்ணன் 'வா' என்று சொல்லியாக வேண்டும். சொல்வானா அந்த வீம்புக்காரன்?

அண்ணனின் ஊரான ஆமத்தூர் வந்தது. இவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லாமல் இறங்குவது முறையில்லை என்று, "வாரேன் தாயி" என்று தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள்.

போகிறபோது 'வாரேன்' என்போம் என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? 'வா' என்று காதில் விழுந்ததுதான் தாமதம், மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவளும் பின்னாலேயே இறங்கிவிட்டாள். குருவம்மாள் திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் கிளம்பிப் போய்விட்டது.

"அடிப் பாவி! நீ எதுக்குடி இறங்குன? வாரேன்னா போறேன்னு அர்த்தம்டி!"

ஹெல்கா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "வா?" என்றாள்.

குருவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். இருக்கிற தொல்லை போதாதென்று இது வேறு! அடுத்த பஸ் எப்போது வருமோ, அதுவரைக்கும் தனியாக நடுரோட்டில் நிறுத்திவிட்டுப் போகவும் மனசு கேட்கவில்லை. "சரி, வந்து தொலை" என்று நடந்தாள்.

கருப்பணன் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தான். பம்பை இன்னும் இரண்டு தடவை அழுத்தினான். அப்புறம் வெள்ளைக்காரியைப் பார்த்து, "வாங்கம்மா, வெயில்ல நிக்காதீக, உள்ள வாங்க" என்றான்.

குருவம்மாளுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. ஊர் பேர் தெரியாதவளுக்கு இரண்டு வாங்க. ஒரே மடியில் பால் குடித்தவளுக்கு ஒரு வா இல்லை. ஹெல்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நாற்காலி கிடைத்தது, செம்பில் தண்ணீர் கிடைத்தது. குருவம்மாள் பையை இறுக்கிப் பிடித்தபடி படிக்கு வெளியே நின்றாள். திரும்பிப் போய்விடலாம் என்றால் ஓவியாவின் முகம் முன்னால் வந்தது.

அவள் வெளியிலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு ஹெல்கா வாசலுக்கு வந்து, கையை நீட்டி, வாய் நிறையச் சிரித்து, "வாங்க" என்றாள்.

அவ்வளவுதான்.

"நீ யாருடி என்னைய வாங்கன்னு கூப்பிட? இது எங்கப்பன் கட்டுன வீடு! நான் பொறந்து விழுந்த வீடு! இங்கன என்னைய வாங்கங்கறதுக்கு ஒனக்கு என்ன உரிமை இருக்கு?"

கத்திக்கொண்டே படியேறி நடுவீட்டுக்கு வந்துவிட்டதை அவள் உணரவே இல்லை.

கருப்பணன் காற்றடிக்கிற பம்பை வீசி எறிந்துவிட்டுப் பின்னாலேயே உள்ளே வந்தான். "அதத்தானடி நானும் கேக்கேன்! வெளியாளத்தான் வாங்கன்னு கூப்பிடுவாக. பொறந்த வீட்டுக்கு வர ஒனக்கு எதுக்குடி அழைப்பு? கூப்பிட்டாத்தான் வருவேன்னு நீ சொன்ன அன்னைக்கு நான் எம்புட்டு அழுதேன்னு ஒன் மதினிட்ட கேளு!"

குருவம்மாள் பையிலிருந்து தட்டை எடுத்தாள். வெற்றிலை பாக்கை அடுக்கினாள். "வெள்ளிக்கிழம ஓவியாவுக்கு நிச்சயம்ணே. நீ வந்து..."

"தெரியும். நீ கூப்பிடாட்டியும் அன்னைக்கு வெள்ளென வந்து முன்னால நிக்கிறதாத்தான் இருந்தேன். எந்தங்கச்சி மகளுக்கு நான் நிக்க ஒன் அழைப்பு எதுக்கு?"

"அத மூணு வருசத்துல ஒருநா சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று கத்தினாள். தட்டை அண்ணன் கையில் திணித்துவிட்டு, முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தன்னால்தான் இவ்வளவு சண்டையும் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, ஹெல்கா சத்தமில்லாமல் மூட்டையைத் தோளில் ஏற்றினாள்.

"உக்காரு!" என்று அண்ணனும் தங்கச்சியும் ஒன்றாக அதட்டினார்கள்.