லைசென்சில் உள்ள உயரம்

கட்டுரையில் அந்த வசனத்தை எழுதி மூன்று நாளாகியும் மக்டலீனுக்கு அதன்மேல் இருந்த பெருமை குறையவில்லை: ‘பாதி வழியில் நின்றவன் யாத்திரிகன் அல்ல, வேடிக்கை பார்க்க வந்தவன்.’ ஐம்பது வயதில் பகுதிநேரமாகப் பல்கலைக்கழகம் போகிறவள், இருநூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலக் கவிஞர்களை இப்படி ஒரு பிடி பிடித்தால் பேராசிரியை என்ன சொல்வாரோ தெரியாது. ஆனால் அவளுக்கு அவர்கள்மேல் உண்மையிலேயே கோபம். யாத்திரை என்று தடியும் கையுமாகப் புறப்படுவார்கள். மலையேறி, மேகத்தையும் ஏரியையும் கண்டதும், கடவுள் இங்கேயே இருக்கிறார் என்று பாடிவிட்டு இறங்கிவிடுவார்கள். கோயில் வாசலை எட்டியும் பார்ப்பதில்லை. ஒரு மெழுகுதிரி கொளுத்துவதில்லை. நேர்த்தி வைத்தவர்களால் அப்படித் திரும்ப முடியுமா?

அவள் நேர்த்தி வைத்தவள். ஜனவரியில் கணவன் கிளிபோட்டுக்கு ஸ்ட்ரோக் வந்து இடப்பக்கம் விழுந்தபோது, ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தபடியே மாதாவிடம் கேட்டாள்: இவரை எழுப்பிவிடு தாயே, உன் திருநாளுக்கு இவரை நடத்திக் கூட்டிவந்து இவர் உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றுகிறேன்.

மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். கிளிபோட் எழும்பி, வோக்கரைப் பிடித்துக் கூனிக் கூனி நடந்தார். மெழுகுதிரிக் கடையில், “ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அளப்பம்” என்றார்கள். மக்டலீன் அவரைக் கூட்டிப் போகவில்லை. அவருடைய ட்ரைவிங் லைசென்சை நீட்டினாள். நூற்று எழுபத்துமூன்று சென்ரிமீற்றர் என்று அதில் இருந்தது. பதினெட்டு வருடம் ட்ரக் ஓட்டிய மனிதனின் உயரம் அதுதான். இந்தக் கூனலை ஒப்புக்கொள்ள அவள் தயாரில்லை.

திருநாளன்று, சேலைத் துண்டில் சுற்றிய மெழுகுதிரியோடு, தாங்கள் குடியிருக்கும் மல்வேர்னில் பஸ் ஏறினார்கள். கோயிலுக்கு இரண்டு தரிப்பு முன்னாலேயே இறங்கினார்கள். அங்கிருந்து ஏரிக்கரை மேட்டின் ஓரமாகப் பூங்காவுக்குள்ளால் ஒரு பாதை போகிறது.

“இஞ்சாருங்கோ, ஆறுதலா நடவுங்கோ. பூசைக்கு நேரம் கிடக்கு.”

பாதி வழியில் ஒரு மர வாங்கைக் கண்டதும் கிளிபோட் அதில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழும்ப முடியவில்லை. முகம் வெளிறிப்போயிற்று.

“ரக்சிக்கு அடிக்கட்டே?” மக்டலீன் போனை எடுத்தாள்.

“நடத்திக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டுதானே நேந்தனீர்? ரக்சியில போய் இறங்கினா மாதா கோவிப்பா.” சிரிக்கப் பார்த்தார். “நீர் போம். கொளுத்திப்போட்டு வாரும். நான் உந்த ஏரியைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்.”

கோயில் மணி கேட்டது. எட்டு மாதமாகச் சுமந்த நேர்த்தி. மக்டலீன் மெழுகுதிரியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஐம்பது அடி போயிருப்பாள், கண்ணீர் கண்ணை மறைத்தது. மனிதரை வாங்கில் விட்டுவிட்டு, அவருடைய உயரத்தை மட்டும் கொண்டுபோய் மாதாவுக்கு முன்னால் நிறுத்துவதா?

திரும்பி வந்தாள். சேலைத் துண்டை அவிழ்த்து, மெழுகுதிரியைப் புல்லில் ஊன்றிப் பிடித்தாள். ஏரிக் காற்று இரண்டு நெருப்புக்குச்சியை அணைத்துவிட்டது.

“உப்பிடிச் சரிச்சுப் பிடிச்சா நூந்துபோகும். நேரா நிமித்தும்” என்றார் கிளிபோட்.

மூன்றாவது குச்சியில் திரி பற்றியது. பற்றிய உடனேயே சுடர் படுத்துத் துடித்தது. மறைக்க அவளுக்குக் கை இல்லை. “ஐயோ” என்றபடி கிளிபோட் வோக்கரைப் பிடித்து எழும்பினார். வலக்கை வோக்கரில் இருந்தது. ஜனவரியிலிருந்து நெஞ்சுக்கு மேலே போகாத இடக்கை மெல்ல மெல்ல உயர்ந்தது. சுடர் அதற்கும் மேலே இருந்தது. அவர் முதுகை நிமிர்த்தினார். இன்னும் நிமிர்த்தினார். கை சுடரைப் பொத்தியது.

சுடர் நிமிர்ந்து நின்றது. அவருடைய உச்சந்தலையும் மெழுகுதிரியின் நுனியும் ஒரே மட்டத்தில் இருந்தன. மக்டலீன் வாய்விட்டு அழுதாள். திங்கட்கிழமை கொடுக்கிற கட்டுரையில் அந்த வசனத்தை வெட்ட வேண்டும் என்று அழுகைக்குள்ளும் நினைத்தாள்.

“இனி எவ்வளவு தூரம் கிடக்கு?” என்று கிளிபோட் மூச்சு வாங்கக் கேட்டார்.

“வந்திட்டம்” என்றாள்.